கோடு நேராக இருக்கிறது

மார்ச் 3

அக்காவுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்திருந்தால் அதுவே பெரிய விஷயம். இன்னும் இரண்டு நிமிடம் பொறுத்துக்கொள்.

போனில் சொல்ல வேண்டியதைத்தான் எழுதுகிறேன். நீ என் எண்ணை அடைத்து வைத்து ஐந்து மாதம் ஆகிறது. வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டேன். "அக்கா" என்று முடிப்பதற்குள் வைத்துவிட்டு அதையும் அடைத்துவிட்டாய். உன் மருத்துவமனைக்குக் கூப்பிட்டால் அங்கே போன் எடுக்கிற பெண், "தம்பின்னு யார் கூப்பிட்டாலும் லைன் கொடுக்கக் கூடாதுன்னு சிஸ்டர் சொல்லியிருக்காங்க சார்" என்கிறாள். "எனக்கும் அவங்க சிஸ்டர்தாம்மா" என்றேன். சிரிக்கக்கூட இல்லை.

விஷயம் உன் கார். பெரிதாக ஒன்றும் இல்லை, பயந்துவிடாதே. எங்கள் தொழிற்சாலையில் ஸ்டீயரிங் பற்றி ஒரு பேச்சு அடிபடுகிறது. நீ கையில் பிடிக்கிற ஸ்டீயரிங்கிலிருந்து கீழே சக்கரத்துக்கு ஒரு ராடு போகிறது. அந்த ராடைப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு போல்ட். சில வண்டிகளில் அந்தப் போல்ட் சரியாக இறுகவில்லையாம். "இறுகவில்லையாம்" என்று நான் எழுதுவது உனக்கு வேடிக்கையாக இருக்கும். ஏழு வருடமாக அந்தப் போல்ட்டை இறுக்குவதுதான் என் வேலை.

ஒன்று செய். காரின் சேசிஸ் நம்பரை எழுதி அனுப்பு. பதிவுப் புத்தகத்தில் இருக்கும். என் பதில் வரும் வரை வண்டியை எடுக்காதே. உன் ஊர் மேட்டுச் சாலையில் பஸ் ஓடுகிறது என்று கேள்விப்பட்டேன். சுண்டெலியையும் பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸிலேயே அனுப்பு.

சும்மா ஒரு முன்னெச்சரிக்கைதான்.

தம்பி

மார்ச் 7

தம்பிக்கு,

"பெரிதாக ஒன்றும் இல்லை, பயந்துவிடாதே." இதே வாக்கியத்தை நீ போன அக்டோபரில் என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு சொன்னாய். எட்டிப் பார்த்தால் உனக்குப் பின்னால் அவர் நிற்கிறார், புதுச் சட்டை போட்டுக்கொண்டு. "அத்தான் திருந்திட்டாருக்கா, ஒரு தடவை பேசிப் பாரு" என்றாய். நான் ஏன் அவரை விட்டு வந்தேன் என்று வேறு யாருக்கும் தெரியாமல் இருக்கலாம், உனக்குத் தெரியும். என் மணிக்கட்டுக்கு மாவுக்கட்டு போட்ட அன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நீ. எல்லாம் தெரிந்தும் கூட்டிக்கொண்டு வந்தாய்.

இப்போது நீ "காரை எடுக்காதே" என்றால் எனக்கு என்ன தோன்றும், நீயே சொல்லு. கார் இல்லாவிட்டால் எனக்கு இந்த வேலை இல்லை. மேட்டுச் சாலையில் பதினான்கு வளைவு, பதினோரு வீடு, வீட்டுக்கு ஒருவர் படுத்த படுக்கையாக. ஒவ்வொருவருக்கும் புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். பஸ் ஒரு நாளைக்கு இரண்டு தடவை, அதுவும் டிரைவருக்கு மனசு இருந்தால். வேலை போனால் நான் எங்கே போய் நிற்பேன் என்று அவர் யோசித்து வைத்திருப்பார். நீயும் கூட உட்கார்ந்து யோசித்தாயா?

நீ வாங்கிக் கொடுத்த வண்டி என்பதற்காக அதை எப்போது ஓட்டலாம், எப்போது ஓட்டக் கூடாது என்றும் நீதான் சொல்வாயா? ஊழியர் குடும்பத்துக்கு முதலில் கொடுக்கிறார்கள் என்று சொல்லி வரிசையில் என்னை முன்னால் நிறுத்தினாய். நன்றி. அதை அப்போதே சொல்லிவிட்டேன்.

உன் மனசு ஆறட்டும் என்று நம்பரை எழுதுகிறேன். கடைசி ஆறு இலக்கம் 204417. பார்த்துச் சந்தோஷப்படு.

சுண்டெலி நன்றாக இருக்கிறாள். முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு வளைவுக்கும் எட்டி எட்டி ஹாரன் அடிக்கிறாள். "மாமாவாம்மா எழுதியிருக்காரு?" என்று கேட்டாள். இல்லை, காப்பீட்டுக் கம்பெனி என்று சொன்னேன்.

அக்கா
(இதை மட்டும் மாற்ற வழி இல்லை)

மார்ச் 10

அக்காவுக்கு,

நம்பர் கிடைத்தது. எந்த வண்டி எந்தத் தேதியில் வெளியே போனது என்று எழுதுகிற லைன் ரிஜிஸ்டரில் பார்த்தேன். வண்டியை எடுக்காதே.

நீ எழுதியதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். அக்டோபரில் நான் செய்தது தப்பு. அதை உட்கார்ந்து ஒழுங்காக எழுத வேண்டும், இப்போது அதற்கு மனசு நிலையில் இல்லை. அத்தானை நான் பார்த்தே மாதக்கணக்காகிறது, நம்பினால் நம்பு.

நேற்று எல்லாம் முடிவாகிவிட்டது. திரும்ப அழைப்பு உறுதி. அழைப்பு வந்தால் நீ யோசிக்கவே கூடாது, மறுபேச்சு பேசாமல் சம்மதித்துவிடு. கம்பெனி சர்வீஸ் சென்டருக்குச் சொன்னால் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று கிளம்பாதே.

இதற்கு மட்டும் பதில் எழுது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது "டொக்" என்று சத்தம் வருகிறதா? வண்டி நேராகப் போகும்போது ஸ்டீயரிங் கொஞ்சம் கோணலாக நிற்கிறதா? பிடித்தால் லேசாக ஆடுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் அந்த வண்டியின் பக்கத்தில்கூடப் போகாதே.

எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்று லைனில், போல்ட்டில் குறி போடுகிற பெயின்ட் பேனாவை இரண்டு தடவை கீழே போட்டேன். சூப்பர்வைசர், "என்னப்பா, பொண்ணு பாத்திருக்காங்களா வீட்ல?" என்று கேலி செய்தார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன்.

தம்பி

மார்ச் 14

தம்பிக்கு,

உனக்குக் கடிதம் எழுதத் தெரியாது. அதை முதலில் ஒத்துக்கொள்.

அத்தானைப் பற்றி ஒரு வரி, அடுத்த வரியில் "திரும்ப அழைப்பு உறுதி, மறுபேச்சு பேசாமல் சம்மதித்துவிடு." மருந்து அறையில் நின்றுகொண்டு படித்தேன். அந்த இடத்துக்கு வந்ததும் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அவர்தான் என்னைத் திரும்ப அழைக்கிறார், நீ தூது போகிறாய் என்றுதானே எவளும் நினைப்பாள்? மேற்கொண்டு படிக்கவில்லை. கசக்கி, கழற்றிப் போட்ட கட்டுத்துணிக்கெல்லாம் நடுவில் எறிந்தேன்.

மறுநாள் அந்தப் போன் எடுக்கிற பெண்தான் செய்தித்தாளோடு வந்தாள். "சிஸ்டர், உங்க கார் இதானே? திரும்ப அழைக்கிறாங்களாம்." அப்போதுதான் எனக்குப் புரிந்தது, கூப்பிடுவது காரை என்று. குப்பைக்கூடையைக் கவிழ்த்து உன் கடிதத்தைத் தேடி எடுத்துத் துடைத்துப் படித்தேன். ஏண்டா, "கார்" என்று இரண்டு எழுத்து சேர்த்து எழுதினால் பேனா தேய்ந்துபோகுமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் செய்தியில் கொடுத்திருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். அரைமணி நேரம் பாட்டுக் கேட்கவைத்தார்கள். கடைசியில் ஒரு பையன் வந்து நம்பரை வாங்கிப் பார்த்துவிட்டு, "உங்க வண்டி லிஸ்ட்ல இல்ல மேடம், தாராளமா ஓட்டலாம்" என்றான். மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் அதையே சொன்னான். உன் கம்பெனியே சொல்லியாகிவிட்டது. உனக்கு மட்டும் என்ன தனி ஞானம்?

நீ கேட்டதால் சொல்கிறேன், ஒன்பதாவது வளைவில் ஒரு "டொக்" வருகிறது. ஆனால் சாலை அங்கே பெயர்ந்து கிடக்கிறது. பின்னால் ஆக்சிஜன் சிலிண்டர் வேறு உருண்டுகொண்டிருக்கும். எந்த டொக் எந்த டொக்கோ, யார் கண்டது?

அக்கா

மார்ச் 17

அக்காவுக்கு,

"டொக்" என்று நீ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அழைப்பு என்று சொன்னாலாவது நிறுத்துவாய் என்று பார்த்தேன், உன் வண்டி லிஸ்டில் இருக்காது. எனக்குத் தெரியும். லிஸ்ட் எதற்கென்றால், போன வருடம் ஜூன் கடைசியில் ஒரு வாரம், போல்ட்டை இறுக்குகிற புது ரிஞ்சு ஒன்று கோளாறாகிவிட்டது. அந்த வாரத்து வண்டிகளுக்கு மட்டும்தான் அழைப்பு. உன்னுடையது அதற்கு முன்னால், ஜூன் பதினெட்டாம் தேதி வெளியே வந்தது. அன்று ரிஞ்சில் ஒரு குறையும் இல்லை.

அன்றைக்கு வேறு பிரச்சினை. ஆள் குறைவு, ஒரே அவசரம். ஒன்றிரண்டு போல்ட் சரியாக இறுகாமல் போயிருக்கலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம். எனக்கு மட்டும்தான் அந்தச் சந்தேகம், வேறு யாருக்கும் தெரியாது. வெளியே சொன்னால் என் கதி என்ன ஆகும் என்று நான் உனக்கு எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

அதனால் உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். அங்கே யாராவது நல்ல மெக்கானிக்கைக் கூப்பிட்டு அந்தப் போல்ட்டைப் பார்க்கச் சொல். ஸ்டீயரிங்குக்குக் கீழே, பெடலுக்கு மேலே, டார்ச் அடித்தால் தெரியும். பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று எழுது.

இந்தக் கடிதத்தை இரண்டு தடவை கிழித்துவிட்டு எழுதுகிறேன். இதற்கு மேல் எழுத வரவில்லை.

தம்பி

மார்ச் 20

தம்பிக்கு,

ஒரு நல்ல செய்தி. மூச்சை விடு.

உன் கடிதம் வந்த அன்றே மெக்கானிக்கைக் கூட்டி வந்தேன். ஊரில் ஒரே ஒருவர்தான். லாரியிலிருந்து தையல் மெஷின் வரைக்கும் எல்லாவற்றுக்கும் அவரே. தலையைப் பெடலுக்குள் விட்டு, காலைக் கதவுக்கு வெளியே நீட்டி, மல்லாந்து படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். வெளியே வந்தவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"போல்ட் தலையில இருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் மஞ்சள் பெயின்ட்ல ஒரு கோடு இருக்கு சிஸ்டர். இறுக்கி முடிச்சாதான் கம்பெனில அந்தக் கோட்டைப் போடுவாங்க. அப்புறம் போல்ட் லூசாகித் திரும்பியிருந்தா கோடு உடைஞ்சு ரெண்டாத் தெரியும். இது ஸ்கேல் வெச்சுப் போட்ட மாதிரி நேரா இருக்கு. நான் ரிஞ்சு போட்டுக் கிளறினா கம்பெனிக்காரன் வெச்ச அளவு கெட்டுப்போயிடும். நிம்மதியாப் போங்க."

நம்ப முடியாமல் நானும் படுத்துப் பார்த்தேன். நேராகத்தான் இருந்தது. அந்தக் கோட்டைப் போட்டது உன் கைதானே? என்னதான் உன்மேல் கோபம் இருந்தாலும், அதைப் பார்த்தபோது எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. சுண்டெலியையும் கூப்பிட்டுக் காட்டினேன். "மாமா போட்ட கோடு" என்றேன். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக உன் பேச்சு இந்த வீட்டில் வந்தது.

நீ வீணாகப் பயந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. இருபத்தைந்தாம் தேதி எட்டாவது வளைவில் இருக்கிற வாத்தியாருக்குக் கண் ஆபரேஷன். அவரையும் சுண்டெலியையும் ஏற்றிக்கொண்டு மலையிறங்கிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். அவர் பாவம், நான்கு வருடமாக மலையை விட்டு இறங்கியதில்லை. இப்போதே சட்டையெல்லாம் தேய்த்து வைத்துவிட்டார்.

இனிமேல் போல்ட், நட்டு என்று ஒரு வரி எழுதினாலும் உறையைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன். வேறு ஏதாவது எழுது. என்ன சாப்பிடுகிறாய், யார் சமைக்கிறார்கள் என்று எழுது.

அக்கா

மார்ச் 23

(உறையின் மேல், சிவப்பு மையில்)

கூரியர் கொண்டுவருகிறவருக்கு: ஐயா, இதைச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டுக் கொடுங்கள். அவர் பிரிக்க மாட்டார். அக்கா, கோடு நேராக இருந்தால்தான் ஆபத்து. உடைந்திருக்க வேண்டும். காரைத் தொடாதே. சுண்டெலியை ஏற்றாதே. இருபத்தைந்தாம் தேதி போகாதே.

(உள்ளே)

அக்காவுக்கு,

மெக்கானிக் சொன்னது தப்பில்லை. வருடத்தில் மற்ற எல்லா நாளுக்கும் அவர் சொன்னதுதான் சரி. ஜூன் பதினெட்டுக்கு மட்டும் தலைகீழ். அதை நான் போன கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். "சந்தேகம்" என்று பூசி மெழுகினேன். இப்போது முழுசாக எழுதுகிறேன்.

என் வேலை மூன்று படி. முதலில் போல்ட்டைப் பொருத்தி உட்கார வைக்க வேண்டும். பிறகு ரிஞ்சால் "கிளிக்" என்று சத்தம் வரும் வரை இறுக்க வேண்டும், அதில் போல்ட் இன்னும் கால் சுற்று திரும்பும். கடைசியில்தான் மஞ்சள் கோடு. அன்று லைனில் எனக்கு அடுத்த ஸ்டேஷனில் வேலை செய்கிற ஆள் வரவில்லை. இரண்டு ஸ்டேஷனையும் நான் ஒருவனே பார்த்தேன். பெயின்ட் பேனா இந்த முனையில், ரிஞ்சு அந்த முனையில். நடையை மிச்சம் பிடிக்க, நான்கைந்து வண்டிக்குச் சேர்த்து முதலில் கோட்டைப் போட்டுக்கொண்டே போய், திரும்பி வரும்போது இறுக்கிக்கொண்டே வந்தேன். செக் பண்ணுகிறவர் மஞ்சள் தெரிகிறதா என்று மட்டும் டார்ச் அடித்துப் பார்த்தார். அன்றைக்கு அவருக்கும் இரட்டை வேலை.

புரிகிறதா அக்கா? அன்று நான் இறுக்கிய போல்ட்டில் கோடு உடைந்திருக்கும், ஏனென்றால் கோடு போட்ட பிறகுதான் அது திரும்பியது. கோடு நேராக இருந்தால் அதை நான் இறுக்கவே இல்லை. பெயின்டை மட்டும் பூசிவிட்டு நடந்துவிட்டேன். நீ சுண்டெலியைக் கூப்பிட்டுக் காட்டியது அதைத்தான்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேராகச் சூப்பர்வைசரிடம் போனேன். சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "நீ சொன்னது எனக்குக் கேக்கல, போய் வேலையைப் பாரு" என்றார். நான் போகவில்லை. மேலே போய் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அன்று வெளியே போனது முப்பத்தெட்டு வண்டி. என் அடையாள அட்டையை வாசலில் வாங்கிக்கொண்டு என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

நான் கிளம்பி வந்தால் இரண்டு நாள் ஆகும். இது விமானக் கூரியர், நாளைக்கே வந்துவிடும் என்று சத்தியம் பண்ணிச் சொன்னான். உன் மருத்துவமனைக்குப் பதினோரு தடவை கூப்பிட்டேன். கடைசியில் அந்தப் பெண் மனம் இறங்கி, "எழுதி வெச்சுட்டேன் சார்" என்றாள். என்னம்மா எழுதினே என்று கேட்டேன். "தம்பி கூப்பிட்டார்னு" என்றாள்.

தம்பி

மார்ச் 26

தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறோம். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

இருபத்தி நான்காம் தேதி மத்தியானம் கூரியர்காரர் வந்தார். நடைக்கூடத்தில் முப்பது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேருக்கும் நடுவில் நின்று, செய்தி வாசிக்கிற மாதிரி, உன் உறையைத் தலை முதல் கால் வரை வாசித்தார். எனக்கு மானம் போயிற்று. கையை நீட்டினேன், கொடுக்க மறுத்துவிட்டார். "முதல்ல கார் சாவியைக் கொடுங்க சிஸ்டர், அப்புறம் லெட்டர் தர்றேன். எனக்கும் பொண்ணு இருக்கு." முப்பது பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். கொடுத்தேன்.

மெக்கானிக் மறுபடியும் வந்து படுத்தார். இந்தத் தடவை ரிஞ்சு தேவைப்படவில்லை. இரண்டு விரலால் சுற்றினார். நான்கு சுற்று, போல்ட் அவர் உள்ளங்கையில் வந்து விழுந்தது. ராடு ஒரு பக்கமாக நழுவித் தொங்கியது. நான் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பார்த்தேன். அது பாட்டுக்குச் சுற்றியது, வெளியே சக்கரம் அசையவே இல்லை. மெக்கானிக் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான்தானே சிஸ்டர் நிம்மதியாப் போங்கன்னு சொன்னேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு நான் தண்ணீர் கொடுத்தேன். எனக்கு யார் கொடுப்பது?

மூன்றாம் தேதி எழுதினாய், முன்னெச்சரிக்கை என்று. பத்தாம் தேதி எழுதினாய், அழைப்பு என்று. பதினேழாம் தேதி எழுதினாய், சந்தேகம் என்று. மூன்று கடிதம்டா! மூன்றிலும் மென்று முழுங்கினாய். நீ முழுங்கிக்கொண்டிருந்த நாளெல்லாம் என் பிள்ளை முன் சீட்டில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாள். உன்னை இப்போது எதிரில் பார்த்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. கன்னத்தில் அறைவேன். அப்புறம் என்ன செய்வேன் என்று தெரியாது.

அறையாமல் இருப்பதற்காக ஒரு வேலை கொடுக்கிறேன். மீதி முப்பத்தேழு பேருக்கு யார் எழுதப் போகிறார்கள்? உன் கம்பெனி எழுதும். எப்படி எழுதும் என்று எனக்குத் தெரியும், உன்னுடைய முதல் கடிதம் மாதிரியே எழுதும். அவர்களும் ஆளுக்கொரு மெக்கானிக்கிடம் போவார்கள். அவனும் டார்ச் அடித்து, கோடு நேராக இருக்கிறது, நிம்மதியாகப் போங்கள் என்பான். நீ எழுது. எனக்கு எழுதிய மாதிரி மென்று முழுங்காமல், கோடு விஷயத்தை முதல் வரியிலேயே எழுது. முப்பத்தேழையும் உன் கையாலேயே எழுது.

வாத்தியாரை ஆம்புலன்ஸில் அனுப்பினோம். ஆபரேஷன் நன்றாக நடந்தது.

அக்கா

ஏப்ரல் 13

அக்காவுக்கு,

நீ சொன்னபடி எழுதினேன். எழுதி முடிக்க நான்கு நாள் ஆயிற்று. முகவரிகளை எனக்கு யாரும் தர மாட்டார்கள், தரவும் கூடாது. கம்பெனி அறிவிப்புகளை உறையில் போட்டு அனுப்பும் பிரிவில் ஒரு அம்மா இருக்கிறார். முப்பத்தேழு கடிதத்தையும் கட்டிக் கொண்டுபோய் அவர் வீட்டு வாசலில் நின்றேன். ஒன்றை எடுத்துப் படித்தார். கட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டார். கம்பெனி உறைக்குள் ஆளுக்கு ஒன்றாகச் சொருகிவிட்டார்.

முப்பத்தாறு பேரிடமிருந்து பதில் வந்துவிட்டது. முப்பத்தாறிலும் கோடு உடைந்திருக்கிறது, போல்ட் கெட்டியாக இருக்கிறது. பாதிப் பேர் திட்டியிருக்கிறார்கள். ஒருவர் நம் அம்மாவையும் சேர்த்துத் திட்டியிருக்கிறார். ஒவ்வொரு கடிதத்தையும் படித்து முடித்ததும் திட்டு வாங்கியதே சந்தோஷமாக இருந்தது.

முப்பத்தேழாவது பதில் ஒரு பெண் எழுதியது. அவளுடைய அப்பா பள்ளிக்கூடங்களுக்குப் புத்தகம் கொண்டுபோய்ப் போடுகிறவர். மார்ச் பன்னிரண்டாம் தேதி ஒரு திருப்பத்தில் கார் திரும்பாமல் நேராகப் போய்ச் சுவரில் மோதிவிட்டது. இடுப்பு எலும்பு நொறுங்கிவிட்டது. இனி நடப்பது சந்தேகம் என்கிறார்களாம். தூங்கிக்கொண்டே ஓட்டினார் என்று போலீஸ் அவர் மேல் வழக்குப் போட்டிருக்கிறது. அவள் எழுதியதை அப்படியே எழுதுகிறேன்:

"ஸ்டீயரிங்கைத் திருப்பினேன், வண்டி திரும்பவில்லை என்று அப்பா முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் நம்பவில்லை. நானும்தான். உங்கள் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் அழுதார். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இது உங்களுக்கு எந்தத் தேதியில் தெரியும்? அதை மட்டும் எழுதுங்கள்."

மூன்று நாளாக வெள்ளைக் காகிதத்தை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கம்பெனிக் காகிதத்தில் என் கையெழுத்துக்குக் கீழே இருப்பது மார்ச் இருபத்து மூன்று. உனக்கு நான் எழுதிய முதல் கடிதத்தில் இருப்பது மார்ச் மூன்று. இரண்டும் உண்மையான தேதி இல்லை அக்கா.

ரிஞ்சின் கைப்பிடியில் சின்னதாக ஓர் எண் தெரியும். ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒன்று கூடும். ஷிப்ட் முடிந்ததும் அந்த எண்ணைப் பார்த்துத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஜூன் பதினெட்டாம் தேதி மத்தியானம் மூன்று மணிக்கு நான் பார்த்தபோது முப்பத்தாறு என்று இருந்தது. வண்டி முப்பத்தெட்டு. நின்று யோசித்தேன். லைனை நிறுத்தச் சொன்னால் எல்லா வண்டியையும் திருப்பிக் கொண்டுவர வேண்டும், கோடு போட்ட விஷயமும் வெளியே வரும். மெஷின் தப்பாக எண்ணியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாளில் முப்பத்தெட்டு என்று எழுதினேன்.

இரண்டு வண்டி. ஒன்று உன்னுடையது, இன்னொன்று அவருடையது. ஜூலையில் உன் கையில் சாவியைக் கொடுத்தபோது அது எந்தத் தேதி வண்டி என்று நான் ரிஜிஸ்டரைப் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடுமே என்றுதான் பார்க்கவில்லை.

மார்ச் மூன்று என்று எழுதினாலே அவள் அப்பா மேல் இருக்கிற வழக்கு போய்விடும், போல்ட்தான் காரணம் என்று ஆகிவிடும். ஜூன் பதினெட்டு என்று எழுதினால் நான் உள்ளே போவேன். எத்தனை வருடம் என்று தெரியாது. என்ன தேதி எழுதட்டும், நீ சொல்லு.

தம்பி

ஏப்ரல் 16

தம்பிக்கு,

ஒன்பது மாதம்.

உன் கடிதத்தை பஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் கடைசி வரைக்கும் போய்விட்டு, அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன். மூன்று வீட்டில் இன்று கட்டு மாற்றவில்லை. இத்தனை வருடத்தில் எனக்கு இப்படி நடந்ததில்லை.

தெரியாமல் செய்துவிட்டாய் என்று இதுவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன். கைத்தவறு, அவசரம், பாவம் ஒண்டி ஆளாக மாட்டிக்கொண்டான் என்று சுண்டெலியிடம்கூடச் சொன்னேன். உன்மேல் கொஞ்சம் கொஞ்சமாகக் கோபம் குறைந்துகொண்டு வந்தது. இப்போது அவளிடம் போய் நான் என்ன சொல்வது?

என்ன தேதி எழுதட்டும் என்று என்னைக் கேட்கிறாய். மார்ச் மூன்று என்று நான் சொல்ல மாட்டேனா என்ற நப்பாசையில்தானே கேட்கிறாய்? எனக்கும் ஒரு நிமிடம் வாய் வரைக்கும் வந்தது, மறைக்கவில்லை. எனக்கு இருப்பது ஒரே தம்பி. ஆனால் அந்தப் பெண் தன் அப்பா சொன்னதையே நம்பாமல் இருந்துவிட்டாள். இனி வாழ்நாள் முழுக்க அதை நினைத்துக்கொண்டே அவருக்குக் கஞ்சி கொடுப்பாள். அப்படிப்பட்டவள் உன்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். அதற்கும் பொய்யா?

ஜூன் பதினெட்டு என்று எழுது. மத்தியானம் மூன்று மணி என்றும் எழுது. முப்பத்தாறு, முப்பத்தெட்டு, இரண்டையும் எழுது. கீழே உன் முழுப் பெயரைப் போடு.

உறையை ஒட்டாதே. நாளைக்குக் கிளம்புகிறேன், சனிக்கிழமை காலையில் அங்கே இருப்பேன். நான் படித்துப் பார்த்துவிட்டு நானே ஒட்டுகிறேன்.

அக்கா